தண்ணீர் ஊற்றாத தட்டு

பிப்ரவரி 18, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து இன்று பள்ளி; கரும்பு ரயில் இன்றும் பள்ளி நேரத்துக்குத்தான் வந்தது. பாதிப் பிள்ளைகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று, மெதுவாகப் போகிற பெட்டிகளிலிருந்து கரும்பு உருவிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு ஹர்பி மட்டும் உட்கார்ந்து, மென்று, துப்பி, ஆற அமர வந்தான். வாசலில் நின்ற தலைமையாசிரியர், "ரயில் எப்ப போச்சு உவைஸ்?" என்று என்னைக் கேட்டார்.

"ரயில் இப்பத்தான் சார் போச்சு. பையன் என்ன பண்ணுவான்?" என்றேன்.

ரயில் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. ஹர்பி எனக்கு ஒரு கண்ணடித்துவிட்டு உள்ளே ஓடினான்.

இன்றைக்கு இவ்வளவுதான். நபவிய்யா விடமாட்டேன் என்கிறாள். "இன்னும் சொல்லு, பாதிப் பக்கம் காலியா கெடக்கு" என்கிறாள். என் மனைவி முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவள். தினம் எழுதாவிட்டால் கை மறந்துவிடும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். அதனால் சொல்வதற்கு நான், எழுதுவதற்கு அவள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மறக்காது. எழுத்து எதற்கு என்று இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். பள்ளிக் காவலுக்குச் சாவியும் மணியும் போதும்.

பிப்ரவரி 21, புதன்

மிஸ் இரீனி தயிர் டப்பா கேட்டார். ஊரில் இருக்கிற காலி டப்பாவெல்லாம் இன்று மூன்றாம் வகுப்பு ஜன்னலில் ஏறிவிட்டது.

இந்த டீச்சரம்மா வந்ததிலிருந்து அந்த வகுப்பு ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. ஒரு நாள் முற்றத்தில் குச்சி நட்டு, நிழல் நகர நகரச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். இன்னொரு நாள் காந்தத்தை மணலில் இழுத்துக் கறுப்புத் தூள் சேர்த்தார்கள். நான் பெருக்கி வைத்ததெல்லாம் வீண். போகட்டும்.

இந்த முறை அவரைக்கொட்டை. காலையில் மசித்து ரொட்டியில் தொட்டுத் தின்கிறோமே, அதே அவரைதான். ஊற வைத்து, டப்பாவில் பஞ்சு போட்டு, அதற்குள் ஒளித்து வைத்தார்கள். டப்பாக்களை இரண்டு தட்டில் அடுக்கினார்கள். ஒரு தட்டுக்கு ஹர்பி பொறுப்பு, இன்னொன்றுக்குத் தஹானி. ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை.

தஹானி, ஷாஸ்லியின் மகள். ஷாஸ்லி வேன் ஓட்டுகிறவன், காப்பிக் கடையில் கதை அளக்கிறவன். அவன் நைல் நதியில் பிடித்த மீனை நான் முதலில் கேட்டபோது அது முழங்கை நீளம் இருந்தது. அவன் கல்யாணத்தின்போது ஆள் நீளம். இப்போது படகைவிட நீளம், அதோடு படகையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊரில் அவன் வீட்டுக்குப் பேரே "பொய்யன் வீடு". மகளோ நேர் எதிர். நேற்று வீட்டுப்பாடம் செய்தாயா என்று மிஸ் கேட்டதற்கு "ஆறு கணக்கு போட்டேன், ஏழாவது பாதி" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் "போட்டோம்" என்று கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மார்ச் 4, ஞாயிறு

முளைத்துவிட்டது. பள்ளி முழுக்க ஒரே கூச்சல். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, வெள்ளி

பள்ளி விடுமுறை. விடிந்ததும் பள்ளிக்கூட வாசல் மரத்தடிப் பானைகளை நிரப்பினேன். என் அக்கா ஸனிய்யாவின் ஆன்மாவுக்காக வைத்த பானைகள் அவை. என்னை வளர்த்தவள் அவள். கழுதை வண்டிக்காரன், பள்ளிப் பிள்ளை, வழிப்போக்கன் யார் குடித்தாலும் அந்த நன்மை அவளுக்குப் போகும். வீட்டு அடிபம்பிலிருந்து செம்பு செம்பாகக் கொண்டு வருவேன். பானை நிறைந்த பிறகு செம்பில் மிஞ்சுவதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரக்கூடாது. உயிருள்ள ஏதாவது ஒன்றுக்கு ஊற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

சாவியோடு ஒரு சுற்று வந்தபோது மூன்றாம் வகுப்பு ஜன்னலைப் பார்த்தேன். ஒரு தட்டு தண்ணீரில் மிதக்கிறது. பக்கத்துத் தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருக்கின்றன. பிள்ளைகள்தானே, மறந்திருப்பார்கள். ஜன்னலில் ஏதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, எழுத்தும் ஒரு படமும். செம்பில் மிஞ்சியதை டப்பாவுக்கு ஒரு வாய் என்று ஊற்றினேன். அக்காவுக்குப் பிடிக்கும்.

மார்ச் 13, செவ்வாய்

இன்றும் பானை நிரப்பிவிட்டு அந்தத் தட்டுக்கு ஊற்றினேன். நிமிர்ந்துவிட்டன. தினமும் ஊற்றுகிறேன். ஹர்பியின் தட்டு நாறுகிறது. அந்தப் பயல் வாளியோடு வருகிறான்.

மார்ச் 18, ஞாயிறு

மூன்றாம் வகுப்பில் சண்டை. நாற்காலி விழுகிற சத்தம் கேட்டுப் போனேன். கதவருகே நின்றபோது ஹர்பியின் குரல்:

"என் தட்டு செத்துப் போச்சு, அவளோட தட்டு மட்டும் பச்சப்பசேல்னு நிக்குது. உங்க அப்பா மீனு மாதிரி உன் அவரையும் தானா வளருதா?"

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் ஒருவன், "அப்ப தண்ணி இல்லாட்டித்தான் செடி நல்லா வளரும்னு எழுதிக்கலாமா மிஸ்?" என்று உண்மையாகவே கேட்டான்.

மிஸ் இரீனி ஒரு டப்பாவின் பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "தஹானி, வாடிப் போச்சுன்னு பாவமா இருந்துச்சா? இருந்தா சொல்லலாம், திட்ட மாட்டேன்" என்றார்.

"நான் ஊத்தல மிஸ்."

"பஞ்சு ஈரமா இருக்கே."

"தெரியும் மிஸ். நானும் பாத்தேன். ஆனா நான் ஊத்தல."

மிஸ் தட்டை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். பொறுப்பை வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்போதிலிருந்து குற்றம்?

மார்ச் 19, திங்கள்

விளங்கிவிட்டது.

பள்ளி விட்ட பிறகு தஹானி வாசல் சுவரோரம் அழுதுகொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகவில்லை. "என்னம்மா?" என்றேன். இந்தப் பள்ளியில் எல்லோருக்கும் நான் பெரியப்பாதான்.

"யாரோ தண்ணி ஊத்துறாங்க பெரியப்பா. ஒரு தட்டுக்கு ஊத்தணும், ஒரு தட்டுக்கு ஊத்தக் கூடாது. ஊத்தாத தட்டு என்ன ஆகுதுன்னு பாக்கறதுதான் சோதனை. தொடாதீங்கன்னு மிஸ் ஜன்னல்லயே எழுதி ஒட்டியிருக்காங்க. நான் ஊத்துனேன்னு சொல்றாங்க. எங்க அப்பா மாதிரியே நானும்னு சொல்றாங்க."

அந்தக் காகிதம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம், நான்தானம்மா என்று. வாயே திறக்கவில்லை. அவள் போய்விட்டாள். பானையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதைச் சொன்னதும் நபவிய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத நான் எழுத மாட்டேன்."

"எழுது புள்ள."

"எழுதி என்னத்துக்கு? இந்தத் தாளு வகுப்புக்குப் போய்ச் சொல்லுமா? நீ போய்ச் சொல்லு, ஃபத்ஹி அப்பா." மகன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"அக்கா பேர்ல ஊத்துன தண்ணி. அது தப்பாப் போச்சா, அந்த நன்மை அவளுக்குப் போய்ச் சேராதா?"

"தாகத்துக்கு ஊத்துனது போய்ச் சேரும். அந்தப் புள்ள அழுதுச்சே, அதுவும் சேர்ந்துதான் போகும்" என்றாள்.

பிறகு பேனாவை எடுத்து, எல்லாவற்றையும் எழுதினாள்.

மார்ச் 20, செவ்வாய்

போனேன். முதல் மணி அடித்துவிட்டு, செம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"அந்தத் தட்டுக்கு ஊத்துனது நான்தான். விடியக்காலையில, பானைக்கு ஊத்துன கையோட. இந்தப் புள்ள ஊத்தல."

மிஸ் இரீனி, "நான் காகிதம் ஒட்டியிருந்தேனே பெரியப்பா…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பாவம், அவர் அதை நினைக்கவில்லை.

நான் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஹர்பி எழுந்தான்.

"பெரியப்பா, நான் பந்தால ஜன்னல் கண்ணாடிய ஒடச்சப்ப, யாரு ஒடச்சான்னு சார் கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"காத்துன்னு சொன்னீங்க!"

"அன்னிக்குக் காத்தே இல்ல!" என்றாள் ஒருத்தி.

"மாஹிர் செருப்பக் கால்வாய்ல விட்டப்ப?"

"நாய் தூக்கிட்டுப் போச்சு!" – வகுப்பே ஒன்றாகச் சொன்னது.

"கரும்பு தின்னுட்டு லேட்டா வந்தா?"

"ரயில் இப்பத்தான் போச்சு!"

சிரிப்பு அடங்கவில்லை. ஹர்பிக்கு என்மேல் கோபமில்லை, அன்பாகத்தான் சொன்னான்: "பெரியப்பா நல்லவரு மிஸ். யாரு மாட்டினாலும் காப்பாத்துவாரு. இப்ப அவளக் காப்பாத்துறாரு."

என் ஞாபகம்தான் பெரிது என்று இருந்தேன். நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அந்தப் பிள்ளைகளுக்கு வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

மிஸ் யோசித்தார். "சரி. புதுசா ஒரு தட்டு வைப்போம். பெரியப்பா ஊத்த வேணாம். வாடுதான்னு பாப்போம்."

"அவளும் இப்ப ஊத்தாம இருந்துட்டா, முன்ன யாரு ஊத்துனாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றான் ஹர்பி. "ரெண்டு பேருக்கும்தான் தெரிஞ்சு போச்சே மிஸ்!"

"ஹர்பி சொல்றது சரிதான்" என்றார் மிஸ். அப்புறம் பாடப் புத்தகத்தைத் திறந்தார்.

வெளியே வரும்போது தஹானியைப் பார்த்தேன். அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். நான் சொன்னது நிஜமா, இரக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு நாளும் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? பிள்ளைகள் அடி வாங்கக் கூடாது என்றுதானே. அது எப்படி இவள் தலையில் வந்து விழுகிறது? எப்படி?

மார்ச் 21, புதன்

சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதச் சொல்கிறாள் நபவிய்யா. எழுதிக்கொள்ளட்டும்.

மார்ச் 22, வியாழன்

மதியம் தஹானி வந்தாள். உள்ளங்கையில் பஞ்சு. மேசைக்கு அடியில் கிடந்த அந்தத் தட்டிலிருந்து எடுத்தது. இடைவேளையில் மிஸ்ஸிடம் கேட்டு, எல்லா டப்பாவிலிருந்தும் செடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள்.

"பெரியப்பா, அடியில பாருங்க."

பஞ்சு மேலே வெள்ளையாக இருந்தது. வேருக்கு அடியில் மட்டும் தேநீர் கொட்டின மாதிரி பழுப்பு.

"ஹர்பியோட தட்டுல இது இல்ல. அதுக்கு ஊத்துனது பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணி. நீங்க எங்கேருந்து கொண்டு வந்து ஊத்துனீங்க?"

"வீட்டு அடிபம்புலேருந்து."

"எங்க வீட்ல குழாய்தான், இந்தப் பழுப்பு வராது" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கே மூச்சு வந்தது.

பிறகு இரண்டு குப்பி நீட்டினாள். ஒன்றில் வாசல் பானைத் தண்ணீர் வேண்டுமாம், இன்னொன்றில் என் செம்புத் தண்ணீர்.

"ரெண்டும் ஒரே தண்ணிதானேம்மா."

"பாக்கலாம்" என்றாள். "பானையில யாரு வேணா எடுக்கலாம். நான்கூட எடுக்கலாம். ஹர்பி அதத்தான் மொதல்ல கேப்பான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் நபவிய்யா தொடையில் தட்டிக்கொண்டாள். "என் வெள்ளத் துணியெல்லாம் பழுப்பாக்குற சனியன் பிடிச்ச பம்புதானே அது! வருஷக்கணக்கா கத்துறேன், நீ காதுலயே போட்டுக்கல!"

மார்ச் 25, ஞாயிறு

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தது. குழாய்த் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர், நைல் தண்ணீர், கடையில் வாங்கின தண்ணீர். ஒருவன் தேநீர் கொண்டு வந்தான். எங்க வீட்ல எப்பவும் இதுதான் இருக்கும் என்றான். மிஸ் அதையும் என் பானை, செம்புக் குப்பிகளோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

டப்பாக்களில் புதுப் பஞ்சு. எதில் எந்தத் தண்ணீர் என்பது மிஸ் ஒருவருக்குத்தான் தெரியும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஊற்றினார். தினமும் அவரே ஊற்றுவார். "தெரிஞ்சா கண்ணு வேணுங்கறதப் பாக்கும்" என்றார். தஹானி தான் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் அந்த அறைச் சாவியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். இடுப்பு வளையத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது, நடக்கும்போது சத்தமே வேறு மாதிரி.

ஏப்ரல் 4, புதன்

என்னையும் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றேன்.

எந்தப் பஞ்சு பழைய தட்டுப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று ஹர்பிதான் பொறுக்கி எடுக்க வேண்டும். வகுப்பே அவனைத்தான் நிறுத்தியது, அவன்தானே நம்பாதவன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தான். முகர்ந்தான். தேநீர்ப் பஞ்சை எடுத்து, "இது ஏமாத்து" என்று தள்ளி வைத்தான். கால்வாய்ப் பஞ்சு பச்சை பிடித்துக் கிடந்தது. கடைசியில் ஒன்றை எடுத்துப் பழைய பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதான்" என்றான்.

மிஸ் தாளைப் பார்த்துப் படித்தார்: "உவைஸ் பெரியப்பாவோட செம்பு."

ஹர்பி உடனே, "வாசல் பானை எது மிஸ்?" என்றான். மிஸ் காட்டினார். வெள்ளை, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். துரு பானைக்குள்ளே அடியில் தங்கிவிடும், மேலே மொண்டு எடுப்பது தெளிந்த தண்ணீர் என்று மிஸ் சொன்னார். தஹானி வீட்டுத் தண்ணீர் எது என்று கேட்டான். அதுவும் வெள்ளை.

ஹர்பி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தான்.

"செம்பு எப்பவும் பெரியப்பா கையிலதான் இருக்கும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க நெஜமும் சொல்வீங்களா பெரியப்பா?" என்றான்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

வெளியே போகும்போது அவன் தஹானியிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஆனா உங்க அப்பா மீனு பொய்தான்."

"அது எனக்கும் தெரியும்" என்றாள் தஹானி.

ஏப்ரல் 11, புதன்

ஹர்பி தாமதம். வாயில் கரும்பு. தலைமையாசிரியர் வாசலில். பையன் என்னைப் பார்த்தான், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன் என்று.

"ரயில் எப்ப போச்சு உவைஸ்?" என்றார் அவர்.

"போய் நேரமாச்சு சார்."

ஹர்பி மென்றதை நிறுத்திவிட்டான். காலை முழுவதும் சுவரைப் பார்த்து நின்றான். எனக்கும் கால் வலித்தது. இடைவேளையில் வந்து, "என்ன பெரியப்பா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றான். அடுத்த முறை அவளுக்கோ உனக்கோ நான் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் யாராவது நம்ப வேண்டுமே என்று சொல்ல நினைத்தேன். பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தான்.

ஏப்ரல் 17, செவ்வாய்

இரண்டு தட்டும் திரும்ப வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தஹானியையே பொறுப்பாகக் கேட்டு வாங்கினார்கள். செம்பில் மிஞ்சுவதை இப்போது மரத்துக்கு ஊற்றுகிறேன். அந்த ஜன்னல் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். ஊற்றாத தட்டு வாடுகிறதாம். பார்க்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 29, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. முற்றத்துச் சுவர் நிழலில் மிஸ் இரீனி வெப்பமானி மாட்டியிருக்கிறார். மதியம் நாற்பது டிகிரி தொட்டால் வெளியே உடற்பயிற்சி கிடையாது, உள்ளே கதைதான். தினமும் ஒருவர் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். யார் என்று மிஸ் கேட்டபோது எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்களாம்.

இன்று காற்றுகூடச் சுட்டது. பிள்ளைகள் எல்லோரும் பைக்குள் செருப்பை ஒளித்துவிட்டுக் கதைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தஹானி சுவரிலிருந்து திரும்பி வந்தாள்.

"முப்பத்தொம்பது."

"ஐயோ!" என்று வகுப்பு முனகியது.

"முப்பத்தொம்பதும் நாப்பதும் ஒண்ணுதான்டி" என்றான் ஹர்பி. "ஒண்ணே ஒண்ணு கூட்டிச் சொல்லேன்."

"முப்பத்தொம்பது" என்றாள்.

ஹர்பி பெருமூச்சு விட்டுப் பைக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடினான். ஒவ்வொருவராக எழுந்து வெயிலுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூடப் போய் எட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்தேன்.